டாக்டர் ஜெசிந்தாவின் இன்னொரு நம்பர்

உங்களைச் சிரிக்க வைக்கிறேன் அக்கா. ஏதோ உதட்டை இழுத்துக் காட்டுகிற சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். ஆனால் இப்போது இல்லை. அதோ, டாக்டர் ரூம் கதவு திறந்து எங்க அப்பா வெளியே வருவார் பாருங்கள், அப்போதுதான். அதற்கு முன்னால் சிரித்தால் செல்லாது.

வெறும் வயிற்றோடு வந்திருக்கிறீர்கள், இல்லையா? டோக்கனைக் கசக்குகிற கசக்கலிலேயே தெரிகிறது. எண்டோஸ்கோப்பிதானே? பயப்படாதீர்கள். தொண்டையில் ஒரு ஸ்ப்ரே அடிப்பார்கள், கசக்கும். அப்புறம் தொண்டை பக்கத்து வீட்டுக்காரருடையது மாதிரி ஆகிவிடும். கேமரா வைத்த குழாய் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, துளி சதையைக் கிள்ளிக்கொண்டு வரும், அவ்வளவுதான். எங்க அப்பா குழாய் ஸ்பீக்கரோடு வாழ்ந்தவர். முதல் தடவை பார்த்துவிட்டு வெளியே வந்து, "நம்ம கொழாய விட இது ரொம்பச் சின்னதுதான்" என்று சொல்லிவிட்டார்.

நான் ஆவுடைச்செல்வி. பிளஸ் டூ. சங்கரன்கோவில். அப்பா பேர் சங்கரலிங்கம், கோமதி சவுண்ட் சர்வீஸ். எங்கள் பக்கம் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு எதுவானாலும் அப்பா மைக் செட்தான். நான் நடக்கப் பழகியது ஆம்ப்ளிஃபயரைப் பிடித்துக்கொண்டு. பேசப் பழகியது மைக்கில். எனக்கு எல்லார் குரலும் வரும் அக்கா. நம்பவில்லையா? இந்த நாற்காலிக் கையில் இரண்டு தட்டு, ஒரு ஊது. டொக் டொக். ஃபூ. "டோக்கன் பதினேழு! பதினேழு யாருங்க? கூப்பிட்டா வரணும்ல!"

ஐயோ, அந்தத் தாத்தா எழுந்தே விட்டார். உட்காருங்க தாத்தா, நர்ஸ் இல்லை, நான்தான்.

இந்தத் தட்டலும் ஊதலும் எதற்கு என்கிறீர்களா? பழக்கம். அது இல்லாவிட்டால் எனக்கு அடுத்தவர் குரல் வராது. இதற்காக அப்பாவிடம் வாங்காத திட்டில்லை. "ஏட்டி, மைக்ல ஊதாதன்னு எத்தன தடவ சொல்ல? எச்சி உள்ள போயி மைக்கே செத்துரும். தட்டுனாப் போதும். இந்தத் தொழில்ல எவனும் ஊத மாட்டான். ஊருலயே நீ ஒருத்திதான் ஊதுத." அவர் ஊதவே மாட்டார். மைக்கைக் குழந்தை மாதிரி விரலால் தொடுவார். நான் ஊதுவேன். ஊதித்தான் எங்கள் ஸ்கூல் மைக்கில் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் "இன்று மதியம் விடுமுறை" என்று அறிவித்தேன். மூன்று வகுப்பு கேட்டைத் தாண்டிவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸே ஒரு நிமிஷம் தான்தான் சொன்னோமோ என்று யோசித்தார்களாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு அப்பாவுக்கு வயிறு மந்தம். இரண்டு இட்லிக்கே "போதும்" என்பார். மேல் வயிற்றில் எரிச்சல். இளைத்துக்கொண்டே போனார். குத்தாலம் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இங்கே பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்தார். குழாய் விட்டுச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்க நானும் மாமாவும் வந்தோம்.

டாக்டர் ஜெசிந்தா எப்படிப் பேசுவார்கள் தெரியுமா? டொக் டொக். ஃபூ. "இது வயித்துல வர்ற லிம்போமா. ஒரு வகை கேன்சர்தான். ஆனா..." அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் ரொம்ப நேரம் பேசினார்கள் அக்கா. ஒவ்வொரு வரி முடிவிலும் "சரிங்களா?" என்றார்கள். மாமாவுக்கு முதல் வரியிலேயே காது அடைத்துவிட்டது. எனக்கும் ஏதோ ஒயர் பிடுங்கின மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "அத்தான்கிட்ட அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராதீங்க டாக்டர். அவுரு நெஞ்சு தாங்காது. அல்சர்னு சொல்லிருங்க."

எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் அக்கா. நோயாளியைத் தவிர எல்லாருக்கும் சொல்வோம். மாமாவின் பெரியப்பாவுக்கு இதே வந்தபோது "வாயு" என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கே தெரியும், பால்காரருக்குத் தெரியும். அவர் மட்டும் கடைசி நாள்வரை பெருங்காயம் தின்றுகொண்டே போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் மாமாவை ஒரு பார்வை பார்த்தார்கள். "நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் பேசிக்கிறேன், சரிங்களா?"

மறுநாள் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ரொம்ப நேரம். மாமா இதே நாற்காலியில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டார். அப்பா வெளியே வந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அல்சராம்லா மாப்ள! மாத்திர போட்டாச் சரியாப் போயிருமாம்" என்றார்.

மாமாவுக்கு உயிர் வந்தது. "தங்கமான டாக்டர், சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்க" என்று என் காதில் சொன்னார். அப்பா எங்களுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் நின்று நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அல்சர்தான் என்ற சந்தோஷம், பாவம்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் ஒரு குண்டைப் போட்டார். "மாப்ள, அந்த டாக்டரம்மா போன் நம்பர் வாங்கிக் குடு. கொஞ்சம் சந்தேகம் கேக்கணும்."

மாமா வெலவெலத்துப் போனார். போனில் டாக்டர் வாய் தவறி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால்? அடுப்படியில் மாநாடு. அம்மா அழுகை. மாமா நடை. நான்தான் சொன்னேன்: "மாமா, உங்க பழைய பட்டன் போன்ல புது சிம் போட்டு எங்கிட்டத் தாங்க. அந்த நம்பர அப்பாகிட்டக் குடுங்க. இனிமே நாந்தான் டாக்டர்."

"ஏட்டி, உங்கப்பா காது சும்மாவா? நாலு தெரு தள்ளி ஓடுத செட்டுல எந்தக் கொழாய் கிழிஞ்சிருக்குன்னு சொல்லுத காது அது" என்றார் அம்மா. ஆனால் வேறு வழி?

மொட்டை மாடியில் தண்ணித் தொட்டி மறைவில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. எடுத்தேன். டொக் டொக். ஃபூ. "சொல்லுங்க, டாக்டர் ஜெசிந்தா பேசறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு இருமல். இருமலும் ஒரு தினுசாக இருந்தது. அப்புறம் ரொம்ப மரியாதையாக, "வணக்கம் டாக்டரம்மா. சங்கரலிங்கம் பேசுதேன்."

விழுந்துவிட்டார் அக்கா! அவ்வளவு பெரிய காது, அப்படியே குப்புற விழுந்துவிட்டது! வயிற்றில் நோய் வந்தால் காதும் மந்தமாகும் போலிருக்கிறது. நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? இன்னும் இடமே வரவில்லையே. பொறுங்கள்.

முதல் கேள்வியே மடக்கிவிட்டார். "எனக்கு இருக்க இது இருக்கே டாக்டரம்மா, இது வேகமா வளருததா, மெதுவா வளருததா?"

எனக்கு என்ன தெரியும்? எனக்கு அந்த ஒரு வார்த்தை தெரியும். அதைக் கேட்டதிலிருந்து அந்தத் தண்ணித் தொட்டிப் பக்கம்தான் இருந்தேன். அங்கே தூசி ஜாஸ்தி, கண்ணில் விழுந்துகொண்டே இருக்கும். "நாளைக்குச் சொல்றேன், புத்தகம் பாக்கணும், சரிங்களா?" என்றேன்.

"அவசரமில்ல டாக்டரம்மா. நல்லாக் கேட்டு, வெளங்கிக்கிட்டுச் சொல்லுங்க."

மறுநாள் மாமாவை இழுத்துக்கொண்டு இங்கே ஓடி வந்தேன். நிஜ டாக்டர் ஜெசிந்தா இந்தத் தடவை ஒரு தாளில் வயிறு வரைந்து காட்டினார்கள். இந்தத் தடவை எனக்குக் காது கேட்டது. அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன், எப்படி அப்பாவுக்குச் சொன்னேன் என்று கேளுங்கள், நீங்களே அசந்துபோவீர்கள்.

கொடைக் கூட்டத்தில் ஒரு திருடன் புகுந்துவிட்டான். அவன்தான் வயிற்றில் இருக்கிற கிருமி. பிடிக்க நாலு பேர் கூடினார்கள். அவர்கள் நல்லவர்கள், நம் உடம்பின் ஆட்கள்தான். ஆனால் திருடன் போகிற மாதிரி இல்லை, அதனால் இவர்களும் போகவில்லை. மச்சான், மாமன், ஒன்றுவிட்டவன் என்று கூட்டிக்கொண்டு அங்கேயே டேரா போட்டுவிட்டார்கள். அந்தக் கும்பல்தான் இந்த லிம்போமா. அப்பாவிடம் மட்டும் 'புண்ணு' என்று சொன்னேன். வைத்தியம் என்ன? கும்பலை அடிக்க வேண்டாம். மாத்திரை கொடுத்துத் திருடனைக் கொல்ல வேண்டும். திருடனே இல்லை என்றால் கும்பலுக்கு அங்கே என்ன வேலை? ஒவ்வொருத்தராகத் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் நடக்குமாம், ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால். ஆனால் மெதுவாகத்தான் கலைவார்கள். மாசக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருஷம்கூட ஆகும். கலையவே மாட்டேன் என்றால் கொஞ்சம் கரண்ட் வைப்பார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். ரொம்ப அபூர்வமாகக் கும்பலில் எவனாவது ரவுடியாக மாறிவிடுவானாம். அவன் மேல் ஒரு கண் வைக்கத்தான் அடிக்கடி குழாய் விட்டுப் பார்ப்பது. எத்தனையோ பேர் இதை வைத்துக்கொண்டே நன்றாக வாழ்ந்து, தலை நரைத்து, வேறு ஏதோ காரணத்துக்குத்தான் போகிறார்களாம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மூன்று தட்டு சோறு தின்றேன். பஸ்ஸில் வந்த அலுப்பு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா, "நல்லாச் சொன்னீங்க டாக்டரம்மா. அப்ப பயப்பட வேண்டாங்கீங்க?" என்றார்.

"வேண்டாம்."

"ஒங்களுக்குப் பயமில்லையே?"

"எனக்கா? எனக்கெதுக்குப் பயம்?"

"சும்மாதான் கேட்டேன்."

அதிலிருந்து வாரம் தவறாமல் போன். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தெருவில் மீன்காரர் "சாளை, சாளை" என்று கத்திக்கொண்டு போகிறார். அப்பா கேட்கிறார், "டாக்டரம்மா, பாளையங்கோட்டையிலயும் மீன்காரர் வந்திருக்காரா?" நான் அசருவேனா? "ஆமா, இங்கயும் இப்பதான் போறார்" என்றேன். "கொரல்கூட ஒண்ணு போல இருக்கு" என்றார். "மீன்காரங்க எல்லாருக்கும் ஒரே குரல்தான்" என்றேன். நம்பிவிட்டார்! அக்கா, தயவுசெய்து, நான் இன்னும் முடிக்கவில்லை.

இன்னொரு நாள், "கஞ்சி குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு டாக்டரம்மா. இட்லிக்கு மீன் கொழம்பு ஊத்திக்கிடலாமா?" என்றார். காரம் குறைவாக ஊற்றிக்கொள்ளலாம் என்றேன். "எங்க வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அம்மாவுக்குத் தெரியும் பேசுவது நான்தான் என்று. நானா விடுவேன்? "என்னம்மா இது, பேஷண்ட்ட இப்படிப் பட்டினி போட்டா எப்படி? படிச்சவங்கதானே நீங்க?" அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க டாக்டர்" என்றது மாடிவரை கேட்டது. சாயங்காலம் என் தொடையில் கிள்ளிய தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் மீன் குழம்பு வைத்தார்.

அடுத்ததுதான் உச்சம். "டாக்டரம்மா, எம்மவ கெமிஸ்ட்ரில முப்பத்தொண்ணு வாங்கிருக்கா. அதக் கேட்டதுலருந்து வயிறு எரியுது. இதுனால புண்ணு பெருசாகுமா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க."

"என் வயிறு எனக்குத் தெரியும் டாக்டரம்மா. நீங்க ரெண்டு வார்த்த அவகிட்டச் சொன்னாக் கேப்பா. இரிங்க, கூப்பிடுதேன். ஏ ஆவுட! ஏட்டி ஆவுட! டாக்டரம்மா லைன்ல இருக்காங்க, ஓடியா!"

நான் மாடியில் டாக்டர். கீழே ஆவுடை. பட்டன் போனைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு நாலு நாலு படியாகத் தாவி இறங்கினேன். அப்பா போனை நீட்டுகிறார். வாங்கிக் காதில் வைத்தேன். உள்ளே என் பையின் சத்தம்தான் கேட்கிறது, கரகரவென்று. "ம்... சரிங்க டாக்டர். படிக்கேன் டாக்டர். இனிமே ஃபெயிலாக மாட்டேன் டாக்டர்." அப்பா உதட்டை மடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது. தோளெல்லாம் குலுங்குகிறது. ஒரு டாக்டர் தன் குடும்பத்துக்காக இவ்வளவு பாடுபடுகிறாரே என்று உருகிவிட்டார், பாவம். அந்த வாரம் முழுக்க நான் கெமிஸ்ட்ரி படித்தேன். டாக்டருக்கு வாக்குக் கொடுத்தாயிற்றே. அறுபத்தெட்டு வாங்கினேன்.

நீங்கள் சிரிக்கிற இடமெல்லாம் தப்புத் தப்பான இடமாக இருக்கிறது அக்கா. தண்ணீர் குடிக்கவும் கூடாது உங்களுக்கு. மூச்சை இழுத்து விடுங்கள்.

நடுவில் ஒரு தடவை மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். திருடன் செத்துவிட்டான். ஆனால் கும்பல் பாதிதான் கலைந்திருந்தது. மீதி அங்கேயே நிற்கிறது என்றார்கள். மாமா மறுபடியும் சாமிகளைக் கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அன்று தொண்டை கட்டிக்கொண்டது. பச்சைத் தண்ணீரில் குளித்தது. அந்த நேரம் பார்த்துப் போன்.

"டாக்டரம்மா, மெதுவா வளருதது மெதுவாத்தான கொறையும்?"

"ஆமா."

"அப்ப நாம அவசரப்படக் கூடாதுல்லா?"

"கூடாது."

"அதான். நா பொறுமையாத்தான் இருக்கேன். எம்மவதான் அவசரக்காரி, மொகமே வாடிக் கெடக்கு. அவகிட்ட யாராவது சொன்னாத் தேவல." அப்புறம், "டாக்டரம்மா, நீங்க நேரத்துக்குச் சாப்பிடுதீங்களா? கொரல் கம்முதே."

பார்த்தீர்களா? தனக்கு என்ன நோய் என்றே தெரியாத மனுஷன். டாக்டர் சாப்பிட்டாரா என்று கவலைப்படுகிறார்.

இப்போது சொல்கிறேன், உங்களுக்கு நான் வாக்குக் கொடுத்த சிரிப்பு எது என்று. போன வாரம் மறுபடி சதை எடுத்தார்கள். இன்றைக்கு அந்த ரிப்போர்ட். நல்லபடியாக இருந்தால், அப்பா அந்தக் கதவைத் திறந்து வெளியே வருகிற நேரம் நான் அவருக்குப் போன் போடுவேன். "சங்கரலிங்கம் சார், கொஞ்சம் வலது பக்கம் திரும்புங்க, சரிங்களா?" திரும்புவார். கையில் போனோடு நான் நிற்பேன். அந்த முகம்! அத்தனை மாசமாக ஏமாந்த அந்த முகத்தைப் பார்க்கத்தான் உங்களை இத்தனை நேரம் பிடித்து வைத்திருக்கிறேன்.

நல்லபடியாக இல்லை என்றால் போன் போட மாட்டேன். டாக்டர் ஜெசிந்தா இன்னும் கொஞ்ச நாள் மொட்டை மாடியில் உட்கார வேண்டியதுதான்.

உள்ளே போய் நேரமாகிவிட்டது, இல்லையா? இவ்வளவு நேரம் என்ன பேசுவார்கள்? கால் ஆடுகிறதா? நாற்காலிக்கு ஒரு கால் குட்டை அக்கா, அதுதான் ஆடுகிறது. போன தடவை இவ்வளவு நேரம் ஆகவில்லை. போன தடவை...

இருங்கள். பட்டன் போன் அடிக்கிறது. அப்பா! நிஜ டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு எதற்கு டாக்டரைக் கூப்பிடுகிறார்? தப்பாகக் கை பட்டுவிட்டதா? எடுக்காவிட்டால் சந்தேகம் வந்துவிடும். ஸ்பீக்கரில் போடுகிறேன். மூச்சு விடாதீர்கள்.

டொக் டொக். ஃபூ. "சொல்லுங்க, டாக்டர் ஜெசிந்தா பேசறேன்."

"வணக்கம் டாக்டரம்மா. சங்கரலிங்கம் பேசுதேன். இங்க எனக்கு எதிர்ல ஒரு டாக்டரம்மா உக்காந்திருக்காங்க. அவுங்களும் ஜெசிந்தாதானாம். என் கேன்சர்க் கும்பல் பூராவும் கலஞ்சுபோச்சு, இப்ப ஒரு ஆளு நிக்கலங்காங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு எட்டு வந்து காட்டிட்டுப் போனாப் போதுமாம். நீங்க என்ன சொல்லுதீங்க?"

அக்கா... எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். அது நிஜ டாக்டர் சிரிப்பு. என் சிரிப்பு இல்லை, நிஜம்.

"என்ன டாக்டரம்மா, சத்தத்தையே காணும்? லைன் இருக்கா, இல்லையா? இரிங்க, பாக்கேன்."

டொக் டொக்.

ஃபூ.

நான் இல்லை அக்கா. நான் தட்டவும் இல்லை, ஊதவும் இல்லை. அந்தப் பக்கம். ஊதவே ஊதாத மனுஷன்...

"அப்பா... எப்பருந்து?"

"மொத ஊதுலருந்தே, ஏட்டி."